அத்தை இறங்கி வந்த ஐப்பசி

அந்த எஸ்டேட்டின் லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் நாலைந்து பேர்தான். அந்த நாலைந்து பேரான உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் பேச்செடுத்தால், துரைமார் காலத்தில் ஏற்காடு சொர்க்கமாக இருந்ததாமே என்கிறார்கள். இல்லாவிட்டால் ஐயோ பாவம் என்கிறார்கள். உங்களுக்கு என்றால் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் வேலைக்கு எழுப்ப மேஸ்திரி தண்டவாளத் துண்டை மணியாக அடிக்கிற சத்தம் உங்கள் காதிலும் இருக்கும். மழைக்கு முன்னால் ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்களே, நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும், அது உங்கள் கழுத்தையும் அரித்திருக்கும்.

என் அத்தையை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பங்களா ஆயா என்றால் போதும். வெள்ளைச் சேலையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக, துரை குழந்தையின் தள்ளுவண்டிக்குப் பின்னால் நடந்தவள். அதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க அவள் வேறொருத்தியாக இருந்தாள். அப்போது அவளோடு இருந்தது நான் மட்டும்தான்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. கீழே சேலத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா காலராவில் போய்ச் சேர்ந்ததும், ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் லைன் வீட்டுக்கு வந்தாள். அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி, இப்போது அத்தை. ஒரே அறை. பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் திரும்பிப் படுப்பார்கள். அத்தைக்குக் காப்பி நாற்றங்காலில் களை பிடுங்குகிற வேலை கிடைத்தது. மெதுவாகத்தான் பேசுவாள். உதட்டைப் பார்த்தால்தான் என்ன சொல்கிறாள் என்று தெரியும்.

ஒரு நாள் நாற்றங்கால் பக்கம் துரையின் மனைவி, துரைசாணி, குழந்தையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது. அத்தை மண் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கித் தோளில் போட்டாளாம். குழந்தை தூங்கிவிட்டதாம். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உன்ற தங்கச்சிக்கு யோகம் அடிச்சிருக்குதப்பா," என்றார் அப்பாவிடம். "துரைசாணியம்மா ஆயாவா வரச் சொல்றாங்க. பங்களாவுக்குப் பின்னால தனி ரூமு. மூணு வேளை சோறு. துணிமணி அவிங்களே எடுத்துத் தர்றாங்க. மழை இல்ல, வெயில் இல்ல, அட்டைக்கடி இல்ல."

அப்பா கும்பிட்டார். அம்மா தம்பியைக் கீழே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் போகலீங்க," என்றாள்.

ரைட்டர் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல."

"யோசிச்சுட்டனுங்க."

ரைட்டர் போன பிறகு அப்பா கத்தினார். பக்கத்து வீடுகளில் பேச்சு நின்றது. அங்கே என்ன குறைச்சல், அடிக்கிறார்களா, பட்டினி போடுகிறார்களா என்று கேட்டார்.

"குறைச்சல் ஒண்ணுமில்லீங்ண்ணா," என்றாள் அத்தை. "யாரு எப்பக் கூப்புடுவாங்கன்னு காதைக் குடுத்துட்டே கெடக்கோணும். தூங்கறப்பவும் காது தூங்கக் கூடாது. மாமியா ஊட்டுல அப்பிடித்தான் கெடந்தேன். போதுமுங்க."

அப்பாவுக்கு இது விளங்கவில்லை. எனக்கு எட்டு வயது, எனக்கும் விளங்கவில்லை. மூன்று வேளை சோறு என்றதும் என் நாக்கில் எச்சில் ஊறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

துரைசாணி கூப்பிட்டும் வரமாட்டேன் என்றவளை மேஸ்திரி நாற்றங்காலில் எப்படி வைத்துக்கொள்வார்? வேலையும் போனது. அப்போது ராகியும் தேனும் விற்க லைனுக்கு வந்துபோகும் மலைக்காரர் ஒருவர் இருந்தார். மஞ்சக்குட்டைக்கு மேலே அவருக்கு ஊரைவிட்டுத் தள்ளி ஒரு சாமைக் காடு. காட்டுப்பன்றியும் குருவியும் பாதியைத் தின்றுவிடும், அங்கேயே தங்கிக் காவல் இருக்க ஆள் வேண்டும், இருந்தால் குடிசையும் அறுப்பில் ஒரு பங்கும் தருவேன் என்று அவர் யாரிடமோ சொன்னது அத்தையின் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

என்னை அவளோடு அனுப்பியது அம்மா. "தனியா ஒரு பொம்பளை காட்டுல இருந்தா ஊரு என்னவெல்லாம் பேசும்? புள்ளை கூட இருந்தா ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க," என்று அப்பாவிடம் சொன்னாள். என்னை யாரும் கேட்கவில்லை. போகச் சொன்னார்கள், போனேன்.

குடிசைக்கு மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், புல் கூரை. மலைக்காரரின் மனைவி ஒரு சட்டியில் நெருப்பும், இன்னொரு சட்டியில் களியும் கொண்டு வந்து வைத்தார். "பயந்துக்காத அம்மணி, ஒரு சத்தம் போட்டீன்னா எங்க ஊட்டுக்குக் கேக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் இருட்டோடு எனக்கு விழிப்பு வந்தது. அத்தையும் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பழக்கம்.

"மணி அடிக்கலீங்கத்தை," என்றேன்.

"அடிக்காது."

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடி படுத்துக்கொண்டாள். அவள் சிரித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். சிரித்ததாக ஞாபகம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், வெயில் வரும்வரை தூங்கினாள்.

எஸ்டேட்டில் வாராவாரம் அரிசி அளப்பார்கள். இங்கே யாரும் எதையும் அளக்கவில்லை. கீரை, காட்டுக்கிழங்கு, மலைக்காரர் வீட்டுக் களி. சில நாள் பலாக்கொட்டையைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறோம். கூரை ஒழுகும். ஒழுகாத மூலைக்குப் பாயை இழுப்போம், கொஞ்ச நேரத்தில் அந்த மூலையும் ஒழுகும். எனக்கு வயிறு காய்ந்தால் லைன் வீட்டுச் சோற்றை நினைத்துக்கொண்டு அழுவேன். அத்தை அதட்டவும் மாட்டாள், சமாதானமும் சொல்ல மாட்டாள். மடியில் தலையை இழுத்து வைத்துக்கொண்டு ஈர் உருவுவாள்.

சாமை கதிர் பிடிக்கத் தொடங்கியதும் குருவிகள் வந்தன. மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் குச்சியால் அடித்துக்கொண்டு காட்டைச் சுற்றுவது என் வேலை. அத்தை நடுவில் ஒரு பாறைமேல் நின்றுகொண்டு கத்துவாள். நாக்கில் நரம்பில்லாமல் குருவிகளைத் திட்டுவாள். லைனில் இருக்கும்போது அந்தக் குரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி வரும். திரும்பி வருவதைக் கேட்பதற்காகவே, குருவி இல்லாதபோதும் சில சமயம் கத்துவாள்.

ஒரு நாள் காலையில், "சேர்வராயன் கோயிலுக்குப் போலாமா சாமி?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு என்னங்க விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

விசேஷம் இல்லாமல் ஒருவர் கோயிலுக்குப் போகலாம் என்பதே எனக்குப் புதிது. லைனில் இருந்தால் வைகாசித் திருவிழாவுக்கு மட்டும்தான் விடுவார்கள், எல்லோரும் கும்பலாகப் போய்க் கும்பலாக வருவோம். அன்றைக்கு அங்கே ஓர் ஆள் இல்லை. குனிந்துதான் குகைக்குள் நுழைய வேண்டும். உள்ளே சில்லென்று இருந்தது, எங்கேயோ நீர் சொட்டியது. அத்தை கும்பிட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிட்டாள். மலை உச்சிப் புல்லில் உட்கார்ந்தோம். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. மேகம் எங்களுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது.

"என்னங்கத்தை வேண்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணும் வேண்டிக்கல கண்ணு. இப்பத்திக்கு ஒண்ணும் தோணல."

அப்பா ஒரு தடவைதான் வந்தார். அம்மா கொடுத்தனுப்பிய அரிசியைக் கீழே வைத்தார். குடிசைக்குள் வரவில்லை. கூரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். காலில் சொறி. "இதுக்குத்தானா?" என்று கேட்டார். "வயிறு காஞ்சா தன்னால வருவே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டே, அத்தை அந்த அரிசியை மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தாள்.

அறுப்புக்கு முன்னால் கொய்யா காய்த்தது. மலைக்காரர் இரண்டு மரத்தை அத்தைக்கு விட்டுக்கொடுத்தார். கூடையில் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்கினோம். போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு அங்கேயே ஒரு புளிய மரத்தடியில் படுத்துக்கொண்டோம். கீழே புழுக்கம், கொசு. காலையில் கொய்யா விற்றதும் அத்தை தனக்கென்று ஒரு கதிர் அரிவாள் வாங்கினாள். புதுப்பிடி, வெள்ளை மரம். திரும்பி ஏறும் வழியெல்லாம் அதை இடுப்பில் செருகுவாள், எடுத்துக் கையில் பிடித்துப் பார்ப்பாள், மறுபடி செருகுவாள். எனக்கு ஒரு பொரி உருண்டை வாங்கித் தந்தாள். அந்த அரிவாள் பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை.

சாமை முற்றித் தலை சாய்ந்திருந்தது. இன்னும் சில நாளில் அறுக்கலாம் என்று மலைக்காரர் சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானம் எனக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டியது. அப்புறம் சூடு, அப்புறம் வேர்வை. ஒரு நாள் விட்டு மறுநாள் அதேபோல. மலைக்காரரின் மனைவி கசாயம் காய்ச்சிக் கொடுத்தார், கசப்பு தொண்டையிலேயே நின்றது. மூன்றாம் தடவை குளிர் வந்தபோது அத்தையைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டேனாம்.

அத்தை என்னைக் கம்பளியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு மழையோடு இறங்கினாள். வழி எனக்குத் தெரியாது. அவள் பிடரியில் புகை வாடை அடித்தது, முடியில் சாமைத் தூசி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வெகுநாள் தெரிந்துகொள்ளவில்லை. லைனில் எல்லோருக்கும் தெரிந்தது, அத்தை ஐப்பசி மழையில் மலையிலிருந்து வந்தாள், பங்களா ஆயாவாகப் போனாள் என்பதுதான். அப்பா எல்லோரிடமும், "பாத்தீங்களா, வயிறு இழுத்துட்டு வந்துருச்சு," என்று சொல்லிச் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கை ஒரு கரையில் ஏறிவிட்டாள் என்ற நிம்மதி. அத்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு தடவை சொன்னார். அவள் தலையில் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நானும் அப்பா சொன்னதைத்தான் நம்பினேன். அவளோடு பட்டினி கிடந்த எனக்கு அதை நம்புவது சுலபம்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு, எஸ்டேட் கம்பவுண்டரைச் சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேலையை விட்டு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் சொன்னார்.

அன்றைக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னைக் கிடத்திவிட்டு அத்தை நின்றாளாம். கம்பவுண்டர் குளிர் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்திருக்கிறார். "மருந்து நான் குடுத்தர்றேன். மருந்து மட்டும் பத்தாதும்மா. பாலு, முட்டை, ஈரமில்லாத எடம் வேணும். இந்த மழையில லைன் ஊட்டுல போட்டீன்னா, போன வருசம் ரெண்டு புள்ளைக போச்சே, அந்தக் கதிதான். உன்ற குடிசைக்குத் தூக்கிட்டுப் போனாலும் அதே கதிதான்," என்றிருக்கிறார்.

ரைட்டரும் தலைவலி மருந்துக்காக அங்கே வந்திருந்தாராம். "அந்த ஆயா ரூமு இன்னும் காலியாத்தான் கெடக்குது. கணப்பு இருக்குது. உன்ற மருமவளையும் கூட வெச்சுக்கறதுக்குத் துரைசாணியம்மாகிட்ட நான் சொல்றேன்," என்றாராம். நல்ல மனசோடுதான் சொன்னார் என்று கம்பவுண்டர் இரண்டு தடவை சொன்னார்.

அத்தை, "காச்சல் நிக்கற மட்டுக்குங்களா?" என்று கேட்டாளாம்.

"அதெப்படி? வேலைன்னா வேலைதான். புள்ளை எந்திரிச்சதும் ஓடிப்போறதுக்கா அவிங்க ரூமு குடுப்பாங்க? வார்த்தை குடுத்துட்டா இருக்கோணும்."

அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரிங்க," என்றாளாம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம்.

ஊர் வாயை அடைப்பதற்காக என்னை அவளோடு அனுப்பினார்கள். நான் போகாமல் இருந்திருந்தால் அவள் அந்தச் சாமையை அறுத்திருப்பாள். பஸ் வந்தது. கம்பவுண்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஏறினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டார், வாங்கினேன்.

அந்த அறையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுகமாக இருந்தது. கண்ணாடி ஜன்னல். சுவர் தொட்டால் காய்ந்திருக்கும். கணப்பில் சவுக்குக் கட்டை எரியும். காலையில் பீங்கான் பூசிய தகரக் குவளையில் பால், நுரை மேலுதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு முழு முட்டை எனக்கு ஒருத்திக்கு. ஒரே மாசத்தில் எனக்குக் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. குடிசையும் குருவியும் எனக்கு நினைவுக்கே வரவில்லை. மழை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெய்கிறதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அறை மூலையில் மேலே ஒரு சின்ன மணி இருந்தது. பங்களாவுக்குள்ளிருந்து கம்பி இழுத்திருந்தார்கள். அது குலுங்கினால் அத்தை எழுந்துவிடுவாள். வாயில் வைத்த சோற்றை விழுங்கக்கூட நிற்க மாட்டாள். கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு ஓடுவாள். கொஞ்ச நாளில், அது குலுங்குவதற்கு முன்பே எழுந்துகொள்ளப் பழகிவிட்டாள். கம்பி சுவரில் உரசுகிற சத்தம் அவளுக்கு முதலில் கேட்டுவிடும்.

மலைக்காரர் நேர்மையானவர். அறுப்பு முடிந்ததும் அத்தையின் பங்கை மூட்டையாகக் கட்டி லைனுக்குத் தூக்கி வந்து போட்டார். "அடுத்த வருசமும் அந்தக் காடு உனக்குத்தான்னு சொல்லலாமின்னு இருந்தேனுங்க அம்மணி," என்றார். அன்றைக்கு லைனுக்கு வந்திருந்த அத்தை, "வேற ஆளப் பாத்துக்குங்க," என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சாமைச் சோறு ஆக்கினாள். எல்லோரும் தின்றோம். அத்தையும் தின்றாள். உப்புக் குறைச்சல் என்றாள்.

நான் தேறி லைன் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அத்தை அங்கேயே இருந்தாள். உடம்பு பூசியது, தோல் வெளுத்தது. நம் அம்மாக்களெல்லாம் அவளைக் காட்டி, கொடுத்து வைத்தவள் என்பார்கள். துரையின் பையன் வளர்ந்து பள்ளிக்கூட விடுதிக்குப் போனான், பிறகு கப்பலேறினான். துரையும் துரைசாணியும் ஒரு நாள் சீமைக்கே போய்விட்டார்கள். மலைக்குக் கீழேயிருந்து வந்த முதலாளி ஒருவர் பங்களாவை வாங்கினார். நாற்காலி, மேஜை, கண்ணாடிப் பாத்திரங்களோடு அத்தையையும் வைத்துக்கொண்டார். அவர் மகள் பிள்ளைகளை அவள் வளர்த்தாள். பிறகு வேலையே இல்லாமல் இருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வருஷம் அத்தையைப் பார்க்கப் போனேன். அதே அறை. கண் மங்கிவிட்டது, என் குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். மணியைக் கழற்றிவிட்டிருந்தார்கள், சுவரில் ஓட்டை மட்டும் இருந்தது.

"எங்க ஊட்டுக்கு வந்துருங்கத்தை," என்றேன். "மகன் நல்லா வெச்சுக்குவான். நேரத்துக்குச் சாப்பாடு, டாக்டரு பக்கத்துலயே. உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல."

"அங்கயும் சோறு போடுவே. இங்கயும் போடறாங்க. எனக்கு என்ன கண்ணு, ரெண்டும் ஒண்ணுதான்."

கம்பவுண்டர் சொன்னதைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். வெளியே யாரோ மோட்டாரைப் போட்டார்கள், தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.

"ஏங்கண்ணு," என்றாள். "உன்ற மகன் ஊட்டுல நீ நெனச்சா வெளிய போலாமா?"

"போலாமுங்க. யாரும் வேண்டாங்க மாட்டாங்க."

"போவியா?"

யோசித்துப் பார்த்தேன். கடைசியாக எப்போது தனியாக வெளியே போனேன் என்று ஞாபகம் வரவில்லை.

"இல்லீங்கத்தை."

"ம்," என்றாள். சுவரைத் தடவிக்கொண்டே எழுந்து ஸ்டவ் பக்கம் போனாள். "காப்பி போடட்டா?"

"போடுங்க," என்றேன்.